கருப்பருக்கு ரெண்டும் இடது செருப்பு

ஒரு ஊர்ல ஒரு கம்மா இருந்துச்சு. கம்மான்னா தெரியுமில்ல, மழைத்தண்ணி தேங்கி நிக்கிற பெரிய ஏரி. இந்தக் கோடியில நின்னு பார்த்தா அந்தக் கோடியில மேயிற மாடு கட்டெறும்பாட்டம் தெரியும், அம்புட்டு பெருசு. முதல்ல நீ காலை ஆட்டாம படு. போர்வையை உதைக்காதே. கதைக்கு வாயால ம் கொட்டினாப் போதும், காலால கொட்ட வேண்டாம்.

ம்.

அந்தக் கம்மாக்கரையில, நட்ட நடுவுல, ஒரு கருப்பர் சாமி. சுதையில செஞ்ச சிலை. பாதித் தென்னைமர உயரம். கையில அருவா. மீசை காது வரைக்கும் போய் வளைஞ்சு நிக்கும். கால் ஒவ்வொண்ணும் ஒரு சொளகு அகலம், அதான் அரிசி புடைக்கிற முறம். அந்தக் கால்ல செருப்பு. மத்த சாமிக்கெல்லாம் தண்டை இருக்கும், கொலுசு இருக்கும், இவருக்கு மட்டும் வார் வச்ச செருப்பு. ஏன்னு கேளு. இவர் உட்கார்ந்து பொங்கல் வாங்கிக்கிற சாமி இல்ல. நடக்குற சாமி.

வீட்ல விளக்கு வச்சாச்சுன்னா போதும், சாமி எறங்கிருவார். சரட் சரட் சரட் சரட். முதல்ல மேலமடைக்குப் போவார். அங்கிருந்து திரும்பி, தன் பீடத்தைத் தாண்டி, கீழமடைக்குப் போவார். மடைன்னா கம்மாத்தண்ணி வயலுக்குப் போற வாசல். போற வழியில கரையில நண்டு எங்கெங்க வளை போட்டிருக்கோ, அதையெல்லாம் செருப்புக்காலால தொம் தொம்முன்னு மிதிச்சு அடைப்பார். நண்டு வளைதானேன்னு நினைக்காதே. அதுக்குள்ள தண்ணி பூந்துச்சுன்னா விடியிறதுக்குள்ள ஆள் பூர்ற ஓட்டை ஆயிரும். அப்புறம் கரை ஏது, ஊரு ஏது.

அதனால அந்த ஊர்ச் சனங்க சரட் சரட் சத்தத்தைக் கேட்டுக்கிட்டேதான் சோறு திம்பாங்க. யாரும் கதவைத் தொறந்து பார்க்க மாட்டாங்க. காதால கேட்டாப் போதும் அவங்களுக்கு.

வருசத்துக்கு ஒருக்க, புரட்டாசி கடைசியில, மழைக்கு முன்னாடி, சாமிக்கு வண்ணம் அடிப்பாங்க. சிலையில ஒடைசல் இருந்தா அதைப் பூசிச் சரி பண்றது சோலைமலை. வண்ணம் அடிக்கிறது அவன் பொண்டாட்டி வெள்ளையம்மா. அவ அடிச்சான்னா மீசையில ஒவ்வொரு முடியும் தனித்தனியாத் தெரியும். எல்லாம் முடிச்சு, கடைசியா சாமியைச் சுத்திப் படுதாவைக் கட்டிட்டு, உள்ள போயி, கண்ணு ரெண்டையும் வரைவா. அதுக்குப் பேரு கண் தொறக்கிறது. கண் தொறந்தாச்சுன்னா அடுத்த வருசம் வரைக்கும் சாமி மேல தூரிகை படக்கூடாது. அதுதான் அந்த ஊர்க்கட்டு. முழிச்சிருக்கிற ஆளு மேல யாராவது வண்ணம் அடிப்பாங்களா? நீ முழிச்சிருக்கும்போது மூஞ்சி கழுவி விடவே உங்க அம்மாவால முடியல.

சிரிக்காதே, கேளு.

செருப்பு வரையிறதுக்கு மட்டும் வெள்ளையம்மா ஒரு தாள் வச்சிருந்தா. கெட்டித் தாள். அதுல செருப்புப் படத்தை வரைஞ்சு, கோடு நெடுக ஊசியால பொட்டுப் பொட்டாக் குத்தியிருக்கும். அந்தத் தாளைச் சாமி கால்ல வச்சு, கரித்தூள் கட்டின துணியால தப் தப் தப்புன்னு தட்டினா, ஓட்டை வழியா கரி எறங்கி, செருப்பு புள்ளிக்கோலம் மாதிரி விழும். அப்புறம் புள்ளியைச் சேர்த்து வண்ணம். ரெண்டு காலுக்கும் ஒரே தாள்தான். இடது காலுக்கு அப்படியே வைக்கணும். வலது காலுக்குத் திருப்பிப் போடணும்.

அந்த வருசம் மேகம் கறுத்துக்கிட்டு வந்துச்சு. காத்து விர்ர்ருன்னு அடிக்குது. பூசாரி வீரணன் கீழ நின்னுக்கிட்டு, நல்ல நேரம் போகுது தாயி, நல்ல நேரம் போகுது தாயின்னு கம்பைத் தட்டிக்கிட்டே இருக்கார். வெள்ளையம்மாவுக்கோ மனசு இங்க இல்ல. அவ மக பேச்சி கீழத்தெருவுல, கீழமடைக்கு நேர் கீழ, பதினேழு நாள் பச்சைப்புள்ளையோட இருக்கா. பேத்திக்குச் சாம்பிராணி போட்டாங்களோ இல்லையோன்னு நினைச்சுக்கிட்டே இடது கால்ல தாளை வச்சா. தப் தப் தப். எடுத்தா. வலது கால்ல வச்சா. தப் தப் தப்.

திருப்பிப் போட்டாளா?

ம்ஹூம். போடல.

வண்ணம் அடிச்சாச்சு. கண்ணும் தொறந்தாச்சு. பொம்பளைங்க குலவை போட்டாங்க. படுதாவை அவுத்தாங்க. எல்லாரும் விழுந்து கும்பிட்டுட்டு, மழைக்கு முன்னாடி வீடு போய்ச் சேரணும்னு ஓடிட்டாங்க. வெள்ளையம்மா மட்டும் தூரிகையைக் கழுவிட்டு நிமிர்ந்தா. அப்போதான் கண்ணுல பட்டுச்சு. செருப்புல கட்டைவிரலுக்குன்னு ஒரு வளையம் இருக்குமில்ல, அது இடது கால்ல கட்டைவிரல்ல இருக்கு. வலது கால்ல சுண்டுவிரல்ல போயி உட்கார்ந்திருக்கு. ரெண்டு கால்லயும் இடது செருப்பு.

நாலு பக்கமும் பார்த்தா. ஒருத்தரும் இல்ல. சொல்லிருவோமான்னு நினைச்சா. சொன்னா தூரிகையைப் புடுங்கி வேற ஆளுக்குக் குடுத்துருவாங்களேன்னும் நினைச்சா. யாரு பார்க்கப் போறாங்க, கால்ல விழறவங்க எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டுத்தானே விழறாங்கன்னு தனக்குத் தானே சொல்லிக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டா.

மழை பிடிச்சுது. சோன்னு கொட்டுது. விளக்கு வச்சாங்க. எல்லாரும் சோத்துல கை வச்சுக்கிட்டுக் காதைத் தீட்டினாங்க.

சரட்... தொப்பு. சரட்... தொப்பு. சரட்... தொப்பு.

சோலைமலை கவளத்தை வாய்க்கிட்ட கொண்டு போயி அப்படியே நிறுத்திட்டான். சாமிக்குக் கால்ல முள்ளு குத்திருச்சோன்னான். வெள்ளையம்மா எழுந்து போயி மூடியிருந்த பானையை மறுபடி மூடினா.

மேலமடைக்குப் போன சத்தம் நொண்டி நொண்டித் திரும்பி வந்துச்சு. பீடத்துக்கிட்ட வந்து நின்னுச்சு. கீழமடைப் பக்கம் போகவே இல்ல. செருப்பு கடிச்சா நாம என்ன பண்ணுவோம், உட்கார்ந்திருவோம்ல, அது மாதிரி உட்கார்ந்திருச்சு.

காலையில கீழத்தெருக்காரங்க வந்து, கீழமடைக்கிட்ட நண்டு வளை வழியா விரல் தண்டித் தண்ணி கசியுதுன்னு சொன்னாங்க. ஆம்பளைங்க ஓடிப் போயி வைக்கோலும் களிமண்ணும் வச்சு அடைச்சாங்க. ஒண்ணை அடைச்சா ரெண்டு கசியுது. வெள்ளையம்மா மகளைப் போய்ப் பார்த்து, என் வீட்டுக்கு வந்துருடின்னு கெஞ்சினா. பேச்சி கேட்கல. முப்பது நாள் கழியாம வாசப்படி தாண்டக்கூடாதுன்னு என் மாமியார் சொல்லியிருக்கு, கருப்பர் பார்த்துக்குவாரும்மான்னுட்டா. கருப்பர் பார்த்துக்குவார்னு அவ சொன்னதும் வெள்ளையம்மாவுக்கு உள்ளுக்குள்ள குத்துச்சு.

தூங்கிட்டியா?

ம்ம்... இல்ல.

சரி. அப்புறம் வெள்ளையம்மா யோசிச்சா. புதுச் செருப்பு கடிச்சா நாம என்ன போடுவோம்? விளக்கெண்ணெய். ஒரு செம்பு நிறைய விளக்கெண்ணெய் எடுத்துக்கிட்டுப் போயி, வேண்டுதல்னு பூசாரிகிட்ட சொல்லிட்டு, சாமியோட வலது கால்ல கொழகொழன்னு ஊத்தினா. இனி கடிக்காதுன்னு நிம்மதியா வீட்டுக்கு வந்தா.

விளக்கு வச்சாச்சு. காதைத் தீட்டினாங்க. சரட்... வழுக். சரட்... வழுக். அப்புறம் ஒரு சத்தம். சர்ர்ர்ர்ர்ருன்னு. அப்புறம் தொபுக்கடீர். இடி விழுந்துச்சுன்னு ஊரே நினைச்சுது. வெள்ளையம்மாவுக்கு மட்டும் தெரியும், அது இடி இல்ல. அந்த ஈரக்கரையில எண்ணெய்க்காலோட நடந்தா யாராயிருந்தாலும் விழத்தான் செய்வாங்க. காலையில பார்த்தா, சாமி பின்பக்கம் பூராவும் சேறு.

கீழமடையில கசிவு மணிக்கட்டுத் தண்டி ஆயிருச்சு.

வெள்ளையம்மாவுக்கு ஒரு இடத்துல கால் நிக்கல. வீட்டுக்கும் வாசலுக்கும் நடக்குறா. உலையில அரிசி போட்டோமான்னு மறந்து ரெண்டு தரம் போடுறா. சோலைமலை பார்த்துட்டு, என்னடி இது, கால்ல வெந்நியை ஊத்துனாப்ல அலையிறேன்னு கேட்டான். மழைக்குளிருன்னா. குளிருனா அடுப்புக்கிட்ட உட்காருடின்னான். உட்கார்ந்தா. மறுபடி எழுந்தா.

அப்போ அவளுக்குச் சவரிமுத்து நினைப்பு வந்துச்சு. சவரிமுத்து செருப்புத் தைக்கிறவர், வயசானவர். அவரைக் கூட்டிக்கிட்டுக் கரைக்குப் போனா. சாமிக்குத் தோல்ல ஒரு சோடி பெருசாத் தைச்சுத் தரணும்ணே, நேர்ந்துக்கிட்டேன்னா. அவர் நூலை எடுத்துச் சாமி கால்ல வச்சு அளந்தார். இந்தக் கால் அளந்தார். அந்தக் கால் அளந்தார். மறுபடி இந்தக் காலைப் பார்த்தார். மத்தவங்க எல்லாம் மூஞ்சியைப் பார்த்துப் பேசுவாங்க, அவர் பிழைப்பே காலைப் பார்க்குறதுதானே.

"ஆத்தா, ரெண்டும் இடதுல்ல" அப்படின்னார்.

வெள்ளையம்மா முந்தானையை வாயில வச்சுக்கிட்டா.

"நான் ஒருத்தர்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா கடிக்குதுங்கிறதைக் கால் சொல்லிருமே" அப்படின்னுட்டு நூலைச் சுருட்டி மடியில வச்சுக்கிட்டார்.

பாவம், மனுசன் சாப்பிடாமக் கொள்ளாம உட்கார்ந்து அன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள தைச்சும் குடுத்துட்டார். ஒவ்வொரு செருப்பும் ஒரு கட்டில் மாதிரி. நாலு பேரு தூக்கிக்கிட்டுப் போயி சாமி முன்னாடி வச்சாங்க. ஆனா கழட்ட முடியாத செருப்பு ஏற்கெனவே கால்ல இருக்கு. சாமி என்ன பண்ணுவார்? செருப்பு மேலயே செருப்பை மாட்டிக்கிட்டார். நீ உங்க அப்பா செருப்பைப் போட்டுக்கிட்டு நடப்பியே, அது மாதிரி.

சப்பக் சரட். சப்பக் சரட். சப்பக்... சதக்.

காலையில போய்ப் பார்த்தா, தோல் செருப்பு ஒண்ணு சேத்துல பாதி பொதைஞ்சு நிக்குது. இன்னொண்ணு தண்ணியில ஓடம் மாதிரி மிதக்குது. அதுக்குள்ள ரெண்டு தவளை உட்கார்ந்துக்கிட்டு கொர்ரக் கொர்ரக்.

கீழமடையில கசிவு தொடைத் தண்டி.

ம்?

ம்... அப்புறம்?

அப்புறம் தமுக்கு அடிச்சுட்டாங்க. டம் டம் டம். வீட்டுக்கு ஒரு ஆளு சாக்கோட வரணும், பொழுது எறங்குறதுக்குள்ள மண்ணை அடுக்கணும், இன்னும் ஒரு ராத்திரி தாங்காதுன்னு சொல்லிட்டாங்க. கீழத்தெருவே சட்டிபானையை மேட்டுக்குத் தூக்குது. பேச்சி பச்சைப்புள்ளையை மடியில கட்டிக்கிட்டு வாசப்படிக்கு உள்ளயே நிக்கிறா.

வெள்ளையம்மா ஒரு துணியையும் மண்ணெண்ணெய் டின்னையும் வண்ணத்தையும் தூரிகையையும் எடுத்துக்கிட்டா. அந்தச் செருப்புத் தாளையும் கரித்துணியையும் இடுப்புல சொருகிக்கிட்டா. ஆளுங்க எல்லாம் கீழமடைப் பக்கம் இருக்காங்க, நான் போயி அழிச்சுட்டுச் சட்டுன்னு வரைஞ்சுருவேன், ஒருத்தருக்கும் தெரியாதுன்னு ஓடினா. படியில செருப்பைக் கழட்டி எறிஞ்சா. பீடத்துல ஏறினா. துணியை மண்ணெண்ணெயில நனைச்சா. கையைச் சாமி கால்கிட்டக் கொண்டு போனா.

கொண்டு போனவ அண்ணாந்து பார்த்துட்டா.

சாமி அவளையே பார்க்குறார். எங்க நின்னு பார்த்தாலும் நம்மையே பார்க்குற கண்ணு அது. அப்படி வரைஞ்சவளே அவதான். துணி கீழ விழுந்துருச்சு.

அந்த நேரம் பார்த்து பூசாரி வீரணன் சூடத்தட்டோட படியேறி வந்தார். பின்னாடியே ஏழெட்டுப் பொம்பளைங்க. கரையைக் காப்பாத்துன்னு கும்பிட வந்தவங்க. அவங்க கண்ணுல என்ன படுது? மண்ணெண்ணெய் டின்னு, துணி, வெள்ளையம்மா. சேறு துடைக்க வந்தேன்னு சொல்லியிருக்கலாம். அந்தப் பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. நம்பியும் இருப்பாங்க. அப்போ தூரத்துல கீழத்தெருப் பக்கம் ஒரு பச்சைப்புள்ளை அழுகுற சத்தம் கேட்டுச்சு. அது அவ பேத்திதானோ என்னமோ, யாரு கண்டா.

வெள்ளையம்மா நெடுஞ்சாண்கிடையா விழுந்தா. பூசாரி கால்லயும் இல்ல, ஊர்க்கால்லயும் இல்ல. கருப்பர் கால்ல.

"அய்யா, தாளைத் திருப்பிப் போட மறந்துட்டேன்யா. உங்களுக்கு ரெண்டும் இடது செருப்பா வரைஞ்சுட்டேன். நீங்க நொண்டுனதெல்லாம் என்னாலதான்."

பூசாரி குனிஞ்சு பார்த்தார். இந்தக் கால் பார்த்தார். அந்தக் கால் பார்த்தார். சூடத்தட்டைக் கீழ வச்சார்.

ஏன் தாயி மூணு நாளாச் சொல்லலன்னு கேட்டார். தூரிகையைப் புடுங்கிருவீங்கன்னு பயந்துட்டேன்ணேன்னு சொன்னா. அவர் தலையைச் சொறிஞ்சுக்கிட்டே, "மூணு நாளா இந்தக் கால்லதான் நானும் சூடம் காட்டுறேன். நான் மட்டும் என்னத்தைப் பார்த்தேன்" அப்படின்னார். ஆனாலும் ஊர்க்கட்டு ஊர்க்கட்டுதான். கண் தொறந்த சாமி மேல தூரிகை படக்கூடாது, அதுக்கு நான் சம்மதிக்க முடியாதுன்னு சொல்லிட்டார்.

வெள்ளையம்மா எழுந்து, கண்ணைத் தொடைச்சுக்கிட்டுப் படியைப் பார்த்தா. அவ கழட்டி எறிஞ்ச செருப்பு கெடக்கு. ஒண்ணு நேரா கெடக்கு. ஒண்ணு குப்புறக் கெடக்கு. செருப்பு குப்புறக் கெடந்தா நாம விட்டு வைப்போமா? கை தானா நீண்டு அதைத் திருப்பிப் போட்டுச்சு. திருப்பிப் போட்டவ அப்படியே நின்னுட்டா. செருப்பு எப்பவும் கால்லயேவா இருக்கு? வாசல்லயும்தான் கெடக்கு. நாம வந்து மாட்டிக்கிற வரைக்கும் அது பாட்டுக்குக் காத்துக்கிட்டுக் கெடக்குது.

"மேல படாதுண்ணே" அப்படின்னா. "கீழ வரையிறேன்."

பூசாரி, கீழ வரையக்கூடாதுன்னு ஒருத்தரும் சொன்னதில்லையேன்னார்.

அப்புறம் பார்க்கணுமே. அந்தப் படுதாவை நாலு பொம்பளைங்க நாலு முனையில பிடிச்சுப் பந்தல் போட்டாங்க, மழை விழாம. ரெண்டு பேரு முந்தானையால பீடத்துக் கல்லைத் துடைச்சாங்க. வெள்ளையம்மா சாமியோட வலது காலுக்கு முன்னாடி, கல்லு மேல, தாளை வச்சா. தட்டப் போனா. நிறுத்தினா. எடுத்தா. திருப்பிப் போட்டா. சுத்தி நின்ன அத்தனை பேரும், ஆங், திருப்பியாச்சு திருப்பியாச்சுன்னாங்க. தப் தப் தப். ஒத்தைச் செருப்பு. வலது செருப்பு. வார் வரைஞ்சா, வளையம் வரைஞ்சா, தையல் வரைஞ்சா. ஈரக்காத்துல வண்ணம் காயல. ஆளுக்கொரு சொளகை எடுத்து விசிறினாங்க. சவரிமுத்தும் வந்து சேர்ந்தார். குனிஞ்சு பார்த்துட்டு, குதிகால்ல இன்னும் ரெண்டு தையல் போடு ஆத்தா, சேத்துல நடக்குற கால்னார். போட்டா.

பொழுது எறங்கிருச்சு. எல்லாரும் வீட்டுக்கும் மேட்டுக்குமாப் போயிட்டாங்க. வெள்ளையம்மா தன் வீட்டுக்குப் போகல. மக வீட்டுக்குப் போயி, பேத்தியை மடியில போட்டுக்கிட்டு உட்கார்ந்தா. விளக்கு வச்சாங்க.

சரட்... தொப்பு.

ஒரே ஒரு தரம். அப்புறம் சத்தமே இல்ல. வெள்ளையம்மா மூச்சை விடவே இல்ல. வாசல்ல நின்னு செருப்பு மாத்துறதுக்கு எம்புட்டு நேரம் ஆகும், அம்புட்டு நேரம்.

அப்புறம், சரட் சரட் சரட் சரட்.

மேலமடைக்குப் போச்சு. திரும்பி வந்துச்சு. பீடத்துக்கிட்ட நிக்கல. சரட் சரட் சரட் சரட்டுன்னு இங்கிட்டு வருது. கிட்ட வருது. இன்னும் கிட்ட. அவங்க வீட்டுத் தலைக்கு மேல, கரையில.

தொம். தொம். தொம்.

சட்டிபானையெல்லாம் கணகணன்னு ஆடுச்சு. புள்ளை சிணுங்கிட்டு மறுபடி தூங்கிருச்சு. இப்போ நீ தூங்கப் போறியே, அந்த மாதிரி.

விடிஞ்சதும் ஊரே கீழமடைக்கு ஓடுச்சு. கசிவு இல்ல. ஓட்டை இருந்த இடத்துல சொளகு அகலத்துக்கு ஒரு காலடி, ஆழமாப் பதிஞ்சு கெடக்கு. வலது கால். வளையத் தடம் கட்டைவிரல் பக்கம். குதிகால்ல தையல் கூடத் தெரியுது. பேச்சி வாசப்படிக்கு உள்ளயே நின்னு, என்னம்மா தெரியுது என்னம்மா தெரியுதுன்னு கேட்டுக்கிட்டே இருந்தா.

அப்புறம் பீடத்துக்கு ஓடுனாங்க. சாமி கால்ல செருப்பு சோடியா இருக்கு, இடதும் வலதும். வார்ல பச்சைச் சேறு. பீடத்துக் கல்லு மேல வெள்ளையம்மா வரைஞ்ச வலது செருப்பைக் காணோம். அந்த இடத்துல ஒரு இடது செருப்பு கெடக்கு. படமாத்தான் கெடக்கு. நாம அவசரமா உள்ள போகும்போது கழட்டிப் போடுவோமே, அது மாதிரி கொஞ்சம் கோணலா.

அவ பீடத்துல விட்டுட்டுப் போன தூரிகையைப் பூசாரி எடுத்து வெள்ளையம்மா கையில குடுத்தார்.

அந்த ஒத்தை இடது செருப்பு இப்பவும் அந்தக் கல்லுல அப்படியே கெடக்காம். வருசா வருசம் வெள்ளையம்மா சாமிக்கு வண்ணம் அடிக்கும்போது, அதைத் தொட மாட்டாளாம். தூசி மட்டும் தொடைச்சுட்டு, கும்பிட்டுட்டுப் போயிருவாளாம். அதுக்கப்புறம் அந்த ஊர்ல சாமி கால்ல விழறவங்க யாரும் கண்ணை மூடுறதில்ல. நல்லாத் தொறந்து வச்சுக்கிட்டு, ரெண்டு காலையும் பார்த்துட்டுத்தான் விழுவாங்களாம்.

நீ மட்டும் மூடிக்கோ. ம் சத்தமே காணோமே. சரி, உன் செருப்பை நான் வாசல்ல நேராத் திருப்பி வச்சுட்டேன். கருப்பரும் சுத்தி முடிச்சுப் பீடம் ஏறிட்டார். கதை செருப்பைக் கழட்டி வச்சுட்டுப் படுத்துருச்சு. நீயும் காலை நீட்டிப் படு, என் தங்கம். சாமி பார்த்துக்கும்.